இழப்பீடு கொடுத்தால் தடுப்பூசி கெட்டதா?

மாணவர்களே, புலனத்தில் அவ்வப்போது சுற்றிவரும் ஒரு செய்தி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அமெரிக்கா 500 கோடி டாலர் இழப்பீடு கொடுத்திருக்கிறது என்று அது தொடங்கும். "தடுப்பூசி பாதுகாப்பானது என்றால் இவ்வளவு பணம் எதற்கு?" என்ற கேள்வியோடு முடியும்.

இதைப் படிப்பவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கத்தினர், "பார்த்தீர்களா, அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்கிறார்கள். மறுபக்கத்தினர், "இதெல்லாம் பொய்ச் செய்தி, அழித்துவிடு" என்கிறார்கள். இரு பக்கமும் அவசரப்படுகின்றன. அந்தத் தொகை ஏறத்தாழ உண்மைதான். அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடுப்பூசிக்கு இழப்பீட்டுத் திட்டம் இருப்பது ஒரு நாடு தன் மக்களை மதிக்கிறது என்பதற்கு அடையாளம். அதை மூடி மறைக்கத் தேவையில்லை. அதைக் காட்டிப் பயமுறுத்தவும் கூடாது. கோவிட்-19 காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உருவான இத்தகைய ஏற்பாடு, பள்ளிகளில் நீங்கள் போட்டுக்கொள்ளும் தடுப்பூசிகளுக்கும் நிரந்தரமாக வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சொக்சோ சொல்லும் பாடம்

உங்கள் அப்பாவோ அம்மாவோ வேலை செய்பவராக இருந்தால், மாதச் சம்பளத்தில் சொக்சோவுக்கு ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். முதலாளியும் ஒரு பங்கு கட்டுவார். தொழிற்சாலையில் ஒருவர் கையில் அடிபட்டால், தவறு யாருடையது என்று நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடாமலேயே அந்தத் தொழிலாளிக்கு உதவி கிடைக்கிறது.

சொக்சோ பணம் கொடுக்கிறது என்பதைக் காட்டி, "வேலைக்குப் போவதே ஆபத்து" என்று யாராவது சொல்கிறார்களா? இல்லை. இலட்சக்கணக்கானோர் வேலை செய்யும்போது சிலருக்கு அடிபடும், அந்தச் சிலரை நடுத்தெருவில் விடக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு என்று எல்லாருக்கும் தெரியும். தடுப்பூசி இழப்பீடும் இதே வகைதான். யார் தவறு என்று கேட்காமல், பாதிக்கப்பட்டவருக்கு என்ன தேவை என்று கேட்கும் ஏற்பாடு அது.

பாதிப்பு உண்மையா?

உண்மைதான். அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

1955-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் ஜோனஸ் சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது. கொல்லப்பட்ட கிருமியைக் கொண்டு செய்யப்பட்ட தடுப்பூசி அது. ஆனால் கலிபோர்னியாவின் கட்டர் ஆய்வுக்கூடம் தயாரித்த சில தொகுதிகளில் கிருமி முழுமையாகச் சாகவில்லை. அதனால் ஏறத்தாழ 200 குழந்தைகளுக்குப் பல அளவுகளில் கைகால் செயலிழந்தது. 10 பேர் இறந்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. நிறுவனம் கவனக்குறைவாக நடக்கவில்லை என்றும், ஆனாலும் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் நடுவர் குழு தீர்ப்பளித்தது. தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்ற எண்ணம் தடுப்பூசி உலகில் வலுப்பெற்றது இங்கிருந்துதான். தடுப்பூசிகளைச் சோதிக்கும் விதிகளும் அதன் பிறகு கடுமையாயின.

இன்னோர் எடுத்துக்காட்டு. 2009-ஆம் ஆண்டு எச்1என்1 காய்ச்சல் பரவியபோது ஐரோப்பாவில் பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி போடப்பட்டது. மறு ஆண்டு பின்லாந்திலும் சுவீடனிலும் பதின்ம வயதினர் சிலர் பகல் நேரத்தில் அடக்க முடியாத தூக்கத்தால் தவித்தனர். இது நார்கோலெப்சி என்ற நோய். பின்லாந்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, 4 முதல் 19 வயது வரையுள்ளோரில் தடுப்பூசி போட்டவர்களுக்கு அந்நோய் வரும் வீதம் போடாதவர்களைவிட 12.7 மடங்கு கூடுதலாக இருந்தது. அதாவது, தடுப்பூசி போட்ட ஏறத்தாழ 16,000 பேரில் ஒருவருக்கு அதனால் கூடுதலாக நோய் வந்தது. இந்த இரு நாடுகளும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கின.

நமக்கு அருகிலும் ஒன்று நடந்தது. 2021-இல் சிங்கப்பூரில் 16 வயது மாணவர் ஒருவர், கோவிட்-19 தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுக்கொண்ட ஆறாவது நாளில், கடுமையாகப் பளு தூக்கிப் பயிற்சி செய்த பின் மாரடைத்து விழுந்தார். இதயத் தசை அழற்சி காரணமாக இருக்கக்கூடும், அது தடுப்பூசியோடு தொடர்புடையதாக இருக்கக்கூடும் என்று நிபுணர் குழு முடிவு செய்தது. கடும் உடற்பயிற்சியும் அதிக அளவு கஃபைனும் அதை மோசமாக்கியிருக்கலாம் என்றும் குழு கூறியது. சுகாதார அமைச்சு அவருக்கு 225,000 சிங்கப்பூர் வெள்ளி வழங்கியது. தடுப்பூசிக்குப் பிறகு சில நாட்களுக்குக் கடினமான பயிற்சி வேண்டாம் என்று இளையோருக்கு அறிவுரை கூறப்பட்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

"இருக்கக்கூடும்" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? நூறு விழுக்காடு உறுதி வரும்வரை அந்த நாடு காத்திருக்கவில்லை. இதற்குப் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுவோம்.

"பிறகு" என்பது வேறு, "அதனால்" என்பது வேறு

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள் நம் பெரியவர்கள். பழம் விழும் நேரம் வந்துவிட்டது. காகமும் அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தது. பார்த்தவர்களுக்குக் காகம்தான் பழத்தைத் தள்ளியது போல் தெரிந்தது.

தடுப்பூசி வரலாற்றில் இந்தப் பழமொழிக்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வகை ஊசியில் கக்குவான் இருமல் பாக்டீரியா முழுதாகக் கொல்லப்பட்டுச் சேர்க்கப்பட்டிருந்தது. அதனால் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு சிலருக்கு வலிப்பும் வந்தது. 1970-களில் பிரிட்டனிலும் ஜப்பானிலும், 1980-களில் அமெரிக்காவிலும், அந்த ஊசி மூளையை நிரந்தரமாகப் பாதிக்கிறது என்ற குற்றச்சாட்டு பரவியது. 1982-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்த ஓர் ஆவணப்படம் அச்சத்தை மேலும் கூட்டியது. வழக்குகள் குவிந்தன.

விளைவு என்ன? பிரிட்டனில் 1970-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்த கக்குவான் இருமல் தடுப்பூசி வீதம் சில ஆண்டுகளில் 31 விழுக்காடாகச் சரிந்தது. 1977 முதல் 1979 வரை 100,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. ஜப்பானில் 1979-இல் மட்டும் ஏறத்தாழ 13,000 பேர் பாதிக்கப்பட்டு 41 பேர் இறந்தனர். அமெரிக்காவில் வழக்குகளுக்குப் பயந்து தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராக விலகினர். 1984-ஆம் ஆண்டின் இறுதியில் ஊசி தட்டுப்பாடு ஏற்பட்டு, பெரிய குழந்தைகளுக்கான தவணைகளைத் தள்ளிப்போடும்படி சொல்ல வேண்டிய நிலை வந்தது.

பல ஆண்டுகள் கழித்து, 2006-இல், ஆஸ்திரேலிய மருத்துவர் சாமுவேல் பெர்கோவிக் தலைமையிலான குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரின் மரபணுவைச் சோதித்ததில், 11 பேரிடம் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. மூளை நரம்பு அணுக்களில் சோடியம் அயனிகள் சென்றுவரும் வழியை அமைப்பது அந்த மரபணு. அதில் பிழை இருந்தால் குழந்தையின் முதல் வயதிலேயே கடுமையான வலிப்பு நோய் தொடங்கும். இதற்கு டிராவெட் நோய் என்று பெயர். தடுப்பூசி போட்டாலும் போடாவிட்டாலும் அந்தக் குழந்தைகளுக்கு அந்நோய் வந்திருக்கும். ஊசியால் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்கூட்டியே வெளிக்காட்டியிருக்கலாம், நோயை உண்டாக்கவில்லை.

குழந்தைகளுக்கு முத்தடுப்பூசி போடும் மாதங்களும் டிராவெட் நோய் வெளிப்படும் மாதங்களும் ஒன்றாக அமைந்துவிட்டன. காகமும் பனம்பழமும்தான்.

இதில் பெற்றோர்களைக் குறை சொல்லாதீர்கள். நேற்றுவரை சிரித்த குழந்தைக்கு இன்று வலிப்பு வந்தால், இடையில் என்ன நடந்தது என்றுதான் எந்தத் தாயும் நினைப்பார். அவர் நினைவுக்கு முதலில் வருவது அந்த ஊசி. ஒரே ஒரு குழந்தையைப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. ஊசி போட்ட ஆயிரக்கணக்கானோரையும் போடாத ஆயிரக்கணக்கானோரையும் ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கட்டுப்பாட்டுக் குழு வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

நீதிபதியின் கேள்வி வேறு, விஞ்ஞானியின் கேள்வி வேறு

இப்போது அந்த "இருக்கக்கூடும்" என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு சிறு கணக்குப் போடுங்கள்.

பின்லாந்தில் தடுப்பூசி போட்டவர்களுக்கு நார்கோலெப்சி 12.7 மடங்கு வந்தது என்று பார்த்தோம். எளிமைக்காக 13 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். தடுப்பூசி போட்டு நோய் கண்ட 13 இளையோர் உங்கள் முன் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு எப்படியும் அந்நோய் வந்திருக்கும். மற்ற 12 பேருக்குத் தடுப்பூசியால் வந்தது. அந்த ஒருவர் யார்?

எந்த இரத்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. 13 பேரின் நோயும் ஒரே மாதிரிதான் இருக்கும். விஞ்ஞானி கூட்டத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவார்; தனி மனிதரைப் பற்றிக் கேட்டால் தயங்குவார். நீதிபதிக்கோ தனி மனிதர்தான் முக்கியம். அவர் முன் நிற்பவர் ஒருவர். அவருக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கே இரண்டு வழிகள்தான் உள்ளன. "நீ அந்த 12 பேரில் ஒருவர் என்று நிரூபி" என்று 13 பேரையும் திருப்பி அனுப்பலாம். அப்படிச் செய்தால் 12 பேருக்கு அநீதி. அல்லது 13 பேருக்கும் இழப்பீடு கொடுக்கலாம். அப்படிச் செய்தால் ஒருவருக்குத் தேவையில்லாமல் பணம் போகும். எது சரி என்று நினைக்கிறீர்கள்? எனக்கு இரண்டாவது வழியே நியாயமாகப் படுகிறது. நோயுற்ற ஒருவருக்குக் கூடுதலாக உதவியதால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள்.

அதனால்தான் உரிமையியல் வழக்குகளில் தராசு கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும் என்கிறது சட்டம். பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தால் ஏற்றுக்கொள்ளப்படும். ஆகவே "இழப்பீடு கொடுக்கப்பட்டது" என்பதை "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று படிக்கக்கூடாது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

அந்த 500 கோடி டாலரின் கதை

வழக்குகளால் ஊசியே கிடைக்காமல் போகும் நிலை வந்ததும், 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1988-இல் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு தவணைக்கும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி வசூலிக்கப்படுகிறது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசிக்கு வரி எவ்வளவு? 2 டாலர் 25 சென்ட். இந்த நிதியிலிருந்துதான் இழப்பீடு போகிறது. வழக்கைச் சிறப்பு நீதித்துறை அதிகாரிகள் விசாரிப்பார்கள். மனு நியாயமானதாக இருந்தால், தோற்றாலும் வழக்கறிஞர் கட்டணம் நிதியிலிருந்தே கொடுக்கப்படும்.

அந்தத் திட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. எந்தத் தடுப்பூசிக்குப் பின், எந்தப் பாதிப்பு, எத்தனை நேரத்திற்குள் தோன்றினால் அது தடுப்பூசியால் வந்ததாகக் கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தக் கால அளவுகளை உயிரியல் பாடத்தோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள், சுவையாக இருக்கும்.

அனாபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமைக்கு 4 மணி நேரம். ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள் உடலில் முன்பே தயாராக இருப்பதால் அது உடனே வெடித்துவிடும். மூன்று வாரம் கழித்து வராது. தட்டம்மை ஊசிக்குப் பின் மூளை பாதிப்பு என்றால் 5 முதல் 15 நாட்கள். வலுவிழக்கச் செய்யப்பட்ட அந்தக் கிருமி உடலில் பெருகுவதற்கே சில நாட்கள் ஆகும். சளிக்காய்ச்சல் ஊசிக்குப் பின் நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே நோய்க்கு 3 முதல் 42 நாட்கள். உடல் தன் நரம்பையே தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்க அவ்வளவு காலம் தேவை.

2017-இல் அந்தப் பட்டியலில் தோள்பட்டைக் காயமும் சேர்ந்தது. ஊசியைத் தோளில் மிக மேலே குத்திவிட்டால் மூட்டுப் பகுதி அழற்சியடைந்து மாதக்கணக்கில் வலிக்கும். அண்மை ஆண்டுகளில் வரும் மனுக்களில் பெரும்பங்கு இந்த வகைதான். மருந்தில் குறை இல்லை. குத்திய இடத்தில்தான் பிழை. புலனச் செய்தியில் வரும் 500 கோடிக்குள் இந்தத் தோள்வலியும் அடங்கியிருக்கிறது என்பதை அதை அனுப்புபவர் சொல்வதில்லை.

இன்னும் இரண்டு செய்திகளையும் அவர் சொல்வதில்லை. ஒன்று, அந்த நாட்டு அரசாங்கக் கணக்குப்படி, பட்டியலில் உள்ள தடுப்பூசிகளில் பத்து இலட்சம் தவணைக்கு ஏறத்தாழ ஒருவரே இழப்பீடு பெற்றிருக்கிறார். இரண்டு, இழப்பீடு பெற்றவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் சமரசப் பேச்சின் மூலம் பெற்றார்கள். தடுப்பூசிதான் காரணம் என்று அவர்கள் விஷயத்தில் முடிவு செய்யப்படவில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் பணம் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. தடுப்பூசியால் ஆட்டிசம் வந்ததாக ஏறத்தாழ 5,000 மனுக்கள் அங்கே குவிந்தன. மாதிரி வழக்குகளாக எடுத்து விசாரித்து, 2009-இலும் 2010-இலும் அவை தள்ளுபடி செய்யப்பட்டன. டென்மார்க்கில் 657,461 குழந்தைகளைக் கொண்டு 2019-இல் வெளிவந்த ஆய்வும், தட்டம்மை முத்தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இதில் வேறுபாடு இல்லை என்றே காட்டியது. 13 பேர் கணக்கை நினைத்துப் பாருங்கள். இரு பக்கமும் சமமாக இருந்தால் இழப்பீட்டுக்கு அடிப்படையே இல்லை. இந்த ஆட்டிசப் பயத்தைக் கிளப்பிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவர் பணம் பெற்றது பின்னர் தெரியவந்தது. 2010-இல் அந்தக் கட்டுரையை இதழே மீட்டுக்கொண்டது.

அந்தத் திட்டத்தில் குறைகளும் உண்டு. உயிரிழப்புக்கும் வலி, வேதனைக்கும் தனித்தனியே 250,000 டாலர் என்று 1986-இல் வைத்த உச்சவரம்பு இன்றும் மாறவில்லை. முதல் அறிகுறி தோன்றி மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். விசாரிக்கும் சிறப்பு அதிகாரிகள் எட்டுப் பேர்தான். மனுக்களோ ஆயிரக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. நாம் ஒன்றை அமைக்கும்போது இந்தக் குறைகளைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் என்ன செய்யலாம்?

2021-இல் மலேசிய அரசாங்கம் கோவிட்-19 தடுப்பூசிக்குச் சிறப்பு நிதியுதவியை அறிவித்தது. கடும் பக்க விளைவால் மருத்துவமனையில் நீண்ட நாள் தங்க நேர்ந்தால் 50,000 ரிங்கிட். நிரந்தர ஊனமோ உயிரிழப்போ ஏற்பட்டால் 500,000 ரிங்கிட். சிங்கப்பூரும் அதே ஆண்டு 2,000, 10,000, 225,000 வெள்ளி என்று மூன்று படிகளில் உதவித் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் இரண்டுமே கோவிட்-19 தடுப்பூசிக்காக அமைக்கப்பட்டவை.

நீங்களோ உங்கள் தங்கையோ ஒன்றாம் படிவத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி போட்டிருப்பீர்கள். மூன்றாம் படிவத்தில் டெட்டனஸ் ஊசி. தொடக்கப்பள்ளியில் தட்டம்மைக்கான ஊசி. டெட்டனஸ் ஊசியைத் தவிர மற்ற ஊசிகள் போட்டவரை மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவரையும் காக்கின்றன. வகுப்பில் எல்லாரும் தட்டம்மை ஊசி போட்டால்தான், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பதால் ஊசி போட முடியாத ஒரு மாணவருக்கும் பாதுகாப்பு கிடைக்கும். 2016-இல் மலேசியாவில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து குழந்தைகளின் உயிரைக் குடித்ததை மறந்துவிட வேண்டாம். சிங்கப்பூரில் தொண்டை அடைப்பானுக்கும் தட்டம்மைக்கும் ஊசி போடுவதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

ஊரார் அனைவரின் நன்மைக்காக ஒருவரைக் கை நீட்டச் சொல்கிறோம். பத்து இலட்சத்தில் ஒருவருக்கு அதனால் தீங்கு வந்தால், அந்தச் சுமையை அந்த ஒரு குடும்பம் மட்டும் தூக்க வேண்டுமா? நன்மையைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் சுமையையும் பங்கிட்டுக்கொள்வதுதான் முறை. ஜெர்மனி 1961-இலேயே இதைச் சட்டமாக்கியது. பிரிட்டன் 1979-இல் செய்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய திட்டம் உண்டு.

"செலவு அதிகமாகுமே" என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போடுவோம். பத்து இலட்சம் தவணைக்கு ஒருவர் என்று வைத்து, அவருக்கு 500,000 ரிங்கிட் முழுமையாகக் கொடுப்பதாகக் கொள்வோம். ஒரு தவணைக்கு எவ்வளவு? 50 காசு. நிர்வாகச் செலவையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் ஒரு ரிங்கிட்தான். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் ஒரு தண்ணீர்ப் பாக்கெட் வாங்கும் காசு அது.

"இழப்பீடு என்று பேசினாலே மக்கள் பயந்துவிடுவார்கள்" என்றும் சிலர் சொல்வார்கள். என் எண்ணம் அதற்கு நேர்மாறானது. மக்களைப் பயமுறுத்துவது மறைப்புதான். "அரிதாகத் தீங்கு வரலாம், வந்தால் உங்களைக் கைவிட மாட்டோம்" என்று சொல்லும் அரசாங்கத்தை மக்கள் நம்புவார்கள். "ஒன்றுமே ஆகாது" என்று சொல்லிவிட்டு, ஒருவருக்கு ஏதாவது ஆனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்தக் குடும்பம் வேறு யாரிடம் போகும்? வதந்தி பரப்புவோரிடம்தான்.

"நிறுவனங்கள் பொறுப்பற்றுப் போய்விடாதா?" என்பது நல்ல கேள்வி. இழப்பீட்டுத் திட்டம் கவனக்குறைவுக்கு மன்னிப்புச் சீட்டாகிவிடக் கூடாது. கட்டர் நிகழ்வு போல் தயாரிப்பில் கோளாறு நேர்ந்தால் தனியாக விசாரணையும் நடவடிக்கையும் வேண்டும். குடும்பத்திற்கு உதவி அந்த விசாரணை முடியும்வரை காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு நன்மையும் உண்டு. இழப்பீடு கிடைக்கும் என்றால் பக்க விளைவுகளை மக்கள் தயங்காமல் தெரிவிப்பார்கள். அமெரிக்காவில் 1998-இல் வந்த ரோட்டாஷீல்டு என்ற வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்து, குழந்தைகளின் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் ஆபத்தை ஏற்படுத்துவதாக 15 புகார்கள் வந்ததுமே 1999-இல் நிறுத்தி வைக்கப்பட்டு, பின்னர் மீட்டுக்கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு வரும் ஆபத்து அது. புகார்கள் வராமல் இருந்திருந்தால் அது வெளியே தெரிய நெடுநாள் ஆகியிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

அடுத்த முறை அந்தப் புலனச் செய்தி வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேருக்குப் போட்டதில் எத்தனை பேருக்குப் பாதிப்பு? போடாதவர்களுக்கு அதே நோய் எவ்வளவு வருகிறது? அந்தப் பாதிப்பு தோன்றிய காலம் உடலியலோடு பொருந்துகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

பள்ளியில் ஊசி போடும் நாளில், முன்பு ஏதாவது ஊசிக்கோ உணவுக்கோ ஒவ்வாமை இருந்தால் தாதியிடம் சொல்லுங்கள். ஊசி போட்டபின் உட்காரச் சொன்ன நேரம்வரை உட்காருங்கள். அந்த நேரம் கடும் ஒவ்வாமையைக் கவனிப்பதற்காக வைக்கப்பட்டது, வகுப்பைத் தட்டிக் கழிப்பதற்காக அல்ல. ஊசியின் பெயர், தேதி, தொகுதி எண் உள்ள அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பின்னர் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் கிளினிக்கில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஊசியால் வந்ததா இல்லையா என்பதை நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள். சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

உங்களில் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். சிலர் வழக்கறிஞர் ஆவீர்கள். ஒருவராவது நாடாளுமன்றத்தில் அமரக்கூடும். பாதிக்கப்பட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒரு தாய் உங்கள் முன் வந்து நின்றால், "உங்கள் கவலை புரிகிறது, கணக்கைப் பார்ப்போம்" என்று சொல்லும் மனம் உங்களுக்கு இருக்க வேண்டும். கணக்கு ஊசியைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும், அந்தக் குழந்தையின் சிகிச்சைக்கு வழி செய்யும் நாடாக நம் நாடு இருக்க வேண்டும்.